பாவு இறக்கும் நேரம்

இந்த மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, மேடம். பேரிங்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே விட்டுத்தருவேன். ஆளைக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பான். நாளைக்கும் அதையேதான் சொல்வான். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை அதிகாரி என்ற முறையில் நடந்ததை என் வாயாலேயே கேட்க வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன், எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவில் பிடித்துக்கொண்டால் என்னை ராட்சசன் என்று நினைத்துவிடுவீர்கள். போன வாரம் பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

என் பெயர் ஸுதர்சன். சின்ன காஞ்சிபுரம், வரதராஜர் கோயிலுக்குப் பின்னால் எங்கள் அகம். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சென்னையில் கொஞ்சநாள் குப்பை கொட்டினேன். பிறகு இங்கேயே ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குகிற நகரங்களை உருவாக்குவது அவர்கள் திட்டம், டில்லியிலிருந்து நிதி. இனி மழை பழைய மாதிரி பெய்யாது, பெய்தால் கொட்டும், இல்லையென்றால் காயும் என்று இந்த ஊரில் மேடை போட்டுச் சொன்ன முதல் ஆள் நான்தான். அது 2003, ஊரே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்த வருஷம். கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "குடிக்கவே தண்ணி இல்ல, வெள்ளத்துக்கு மிஷினாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று மேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வேகவதி ஆற்றை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆறு என்று நான்தான் சொல்ல வேண்டும், பார்க்கிறவர்கள் சாக்கடை என்பார்கள். அதன் வயிற்றிலேயே கட்டிக்கொண்ட குடியிருப்பு ஓடைமேடு. பேர்தான் மேடு, இருப்பது பள்ளத்தில். வீட்டுக்கு ஒரு தறி. எல்லாம் குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. மழை பெய்தால் முதலில் அந்தப் பள்ளம்தான் ஊறும். பட்டுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற இழைகள், ஒருதடவை சேற்றுத் தண்ணீரில் நனைந்தால் சாயம் இறங்கிவிடும், அப்புறம் அது எதற்கும் ஆகாது.

நான் வைத்தது சிக்கலான கருவி இல்லை. மேற்கே பாலத்தடியில் ஒரு குழாய், அதற்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்தால் மிதவை தூக்கும். கம்பி வழியே செய்தி ஓடைமேட்டு நடுவில் இருக்கிற கம்பத்துக்கு வரும், கம்பத்து உச்சியில் சைரன் அலறும். அடியில் பாட்டரிப் பெட்டி. கருவி விழித்திருக்கிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. இதை விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது, மேடம். வீரபத்திரன் என்று ஒரு நெசவாளி கேட்டான்: "பெருமாளே குறுக்க படுத்துத்தான் இந்த ஆத்த நிறுத்தினாராம். நீங்க ஒரு கொழாய வெச்சி நிறுத்தப் போறீங்களா சார்?" நிறுத்தாதப்பா, வருகிறது என்று சொல்லும், அவ்வளவுதான் என்றேன். "அத்த சொல்றதுக்கு எங்க கண்ணே போதுமே" என்றான். இப்படிப் பேசுகிறவனிடம் என்னவென்று பேசுவது?

அவன் பெண்சாதி அம்சவேணி அப்படி இல்லை. அவள்தான் அங்கே காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், உயிர இட்டுக்கினு ஓடறதுக்குக் கால் மணி போதும். பாவ எறக்கத்தான் ஒன்றர மணி ஆவும். விழுதுலயும் அச்சுலயும் கோத்த எழ கலையாம ரெண்டு பேரு புடிச்சி எறக்கணும். அதுக்கு முன்ன சொல்லுமா உங்க மிஷினு?" என்றாள்.

அந்தக் கேள்வியை எந்த டில்லி நிபுணரும் கேட்கவில்லை. அவர்கள் கணக்கில் உயிர்தான் இருந்தது, பாவு இல்லை. ஓடைமேட்டில் தறியில் ஏறிய பாவை விட்டுவிட்டு எவனும் எழுந்திருக்க மாட்டான். அதுவும் முகூர்த்தப் புடவைப் பாவு என்றால் பாதியில் அறுப்பதே பாவம் அவர்களுக்கு. அதனால் மிதவையின் மட்டத்தைக் கீழே இறக்கினேன். சைரன் அடித்தால் அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் தெருவுக்கு வரும். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சைரன் அடித்தால் பதறாதீர்கள், நிதானமாகப் பாவை இறக்குங்கள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அம்சவேணி இதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணிவிட்டாள். நான் செய்த காரியங்களிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மட்டத்தைக் கீழே இறக்கினால் சும்மா சும்மாவும் அடிக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ரெண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் ரெண்டு தடவை அடித்தது. ரெண்டு தடவையும் தண்ணீர் ஏறிவிட்டுத் தானாக வடிந்துவிட்டது. தெருவே பாவை இறக்கிக் காத்திருந்துவிட்டு, மறுபடி ஏற்றியது. ஏற்றினால் பழைய இழுப்பு வருமா? இழை அறுந்து, கரை கோணிப்போய், என்னை வாயில் வந்தபடி வைதார்கள். கம்பத்தில் யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். நான்தான் கழற்றி எறிந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, மேடம். நான் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்?

அம்சவேணி மட்டும், "வராதத வரும்னு சொன்னா தப்பு இல்ல சார், வர்றத சொல்லாம வுட்டாத்தான் தப்பு" என்றாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். பச்சை எரிந்தால் திருப்தி. மற்ற பெண்கள், "ஐயரு நட்ட கம்பத்துக்கு நீதான் பூசாரியாடி?" என்று கேலி செய்வார்கள். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவள் வீட்டில் நான் காபி குடித்திருக்கிறேன். தூக்கித்தான் குடிப்பேன், அது சின்ன வயசுப் பழக்கம், வேறு அர்த்தம் கிடையாது.

அடுத்த தலைவலி தேவசகாயம். தெருக்கோடி மாதா கோயிலில் கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர். வாய்க்கால் ததும்பினாலே போதும், அந்த மனுஷன் போய்க் கயிற்றை இழுப்பார். ஜனங்கள் என் சைரனைவிட அந்த மணிக்குத்தான் ஓடுவார்கள். ஒருநாள் அப்படி ஓடியதில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லித்தான் நான் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு தெருவுக்கு ஒரு எச்சரிக்கைதான் இருக்க வேண்டும், ஆளாளுக்கு மணியும் மைக்கும் என்றால் எதையும் எவனும் நம்ப மாட்டான் என்று. உத்தரவு வந்தது. வெள்ள எச்சரிக்கை என்றால் சைரன் மட்டும்தான், வேறு எதை அடித்தாலும் பீதி கிளப்பியதாக வழக்கு. அந்த உத்தரவின் வாசகமெல்லாம் என்னுடையதுதான். சட்டம் பின்னால் நின்றால்தான் கருவிக்கு மரியாதை, மேடம். நீங்களும் சட்டத்தில் இருக்கிறவர், ஒத்துக்கொள்வீர்கள்.

தேவசகாயம் ஒத்துக்கொள்ளவில்லை. "பூசைக்கு அடிக்கிறேன், சாவுக்கு அடிக்கிறேன். சாவறதுக்கு முன்ன அடிக்கறதுக்கு மட்டும் பர்மிசன் வாங்கணுமா?" என்று கேட்டார். உத்தரவு வந்த பிறகும் ஒருதடவை அடித்தார். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஸ்டேஷனில் உட்காரவைத்து அனுப்பினார்கள். வயசானவர். வெளியே வந்தபோது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடவே இல்லை. அப்போதுதான் பாட்டரி உப்பிப்போய்ச் செத்தது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும், பாதையெல்லாம் தண்ணீர். அந்த வாரம்தான் டில்லிக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. பார்த்துத் திருப்தியானால் இதே கருவி இன்னும் பன்னிரண்டு ஊர்களுக்குப் போகும். பன்னிரண்டு ஊர், எத்தனை ஆயிரம் உயிர் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பச்சை விளக்கு அணைந்தால் ஓடைமேடு கைகொட்டிச் சிரிக்கும், தேவசகாயம் மறுபடி கயிற்றைப் பிடிப்பார், டில்லிக்காரர்கள் திரும்பிப் போவார்கள். அதனால் டார்ச் லைட்டுக்குப் போடுகிற ரெண்டு செல்லை வாங்கிவந்து, பச்சை விளக்குக்கு மட்டும் தனியாக இணைப்புக் கொடுத்தேன். சைரனுக்கு அது போதாது. விளக்குக்குப் போதும். அன்று சாயந்திரமும் அம்சவேணி வந்து பார்த்தாள். "எரியுது சார்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

நிறுவனத்து வேனில் பாட்டரி இருந்ததே, அதை மாட்டியிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். மாட்டியிருக்கலாம். ஆனால் டில்லிக்காரர்களை அழைத்துவர வேன் ஓட வேண்டும் அல்லவா?

வெள்ளம் வந்த அன்றைக்குக் காலை பதினொரு மணி வாக்கில், மேற்கே இருக்கிற எனக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்தார். ஏரிக்கரை உடைந்துவிட்டது, தண்ணீர் தறிகெட்டு வருகிறது என்றார். வேனை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். என் குழாய் முழுகியிருந்தது. மிதவை எப்போதோ தூக்கியிருக்கும். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது, மேடம். செய்தி கம்பி வழியாகக் கம்பம் வரைக்கும் போய்விட்டது. அலறுவதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது வந்த எரிச்சலை என்னவென்று சொல்வது? மூன்று வருஷம் நாயாய் அலைந்து, கடைசியில் ஒரு பாட்டரி.

ஓடைமேட்டுக்கு வந்தேன். மாதா கோயில் வாசலில் தேவசகாயம் கையில் கயிறோடு நின்றிருந்தார். இழுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"சார், தறிக்கொயியெல்லாம் ஊறிக்கினு இருக்குது. ஆத்துல சத்தம் வேற மாதிரி கேக்குது. அடிக்கட்டுமா?"

"சைரன் அடிக்கலையே" என்றேன். "பச்சை விளக்கு எரியறதே."

"அது கெடக்கட்டும் சார். நீங்க பாலத்துலேர்ந்துதான வர்றீங்க? நீங்க சொல்லுங்க. தண்ணி வருதா, வரலியா?"

"வரலை" என்றேன். "கயித்தை விடுங்க. மறுபடி ஸ்டேஷனுக்குப் போகணுமா?"

அவர் கயிற்றை விட்டார். இதுதான் நீங்கள் கேட்க விரும்பிய வார்த்தை என்று நினைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிறது என்று தெரிந்தேதான் வரவில்லை என்று சொன்னேன்.

ஏன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மணி முந்திவிட்டால் எல்லாம் முடிந்தது. மிஷின் தூங்கிவிட்டது, மணிதான் காப்பாற்றியது என்று ஊர் பேசும். அப்புறம் நூறு வருஷத்துக்கு ஒருத்தனும் கருவியை நம்ப மாட்டான். நான் கேட்டதெல்லாம் கொஞ்ச நேரம்தான். வேன் பாட்டரியைக் கழற்றி சைரனுக்கு மாட்டுகிற நேரம். சைரன் முதலில் அடிக்கட்டும், பிறகு அவர் மணியை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டரியைக் கம்பத்தடிக்குத் தூக்கிவந்து வைத்தேன். வேன் பாட்டரியின் முனை தடிமன், என் கிளிப் அதில் உட்காரவில்லை. கம்பியைச் சீவி, சுற்றி, மறுபடி சீவி, கை வழுக்கியது. திடீரென்று என் மேல் மழை விழுவது நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அம்சவேணி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னா சார், ரிப்பேரா?"

"சர்வீஸ்தான்மா. சும்மா பார்க்கிறேன்."

"எங்க கொயில தண்ணி பூந்துக்கிச்சி சார். மத்த வூட்டுக்காரங்கெல்லாம் அப்பவே பாவ எறக்கிட்டு ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாங்க. உங்க மிஷின நம்பாதவங்க." சிரித்தாள். "அவுரு மூணு சக்கர வண்டி பாக்கப் போயிருக்காரு. சைரன் அடிச்சதும் பாவ எறக்கலாம்னு இருக்கேன். முகூர்த்தப் பொடவ சார், மொந்தானி மட்டும்தான் பாக்கி. டைம் இருக்குது இல்ல?"

மேடம், அந்த நிமிஷத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஓடிப்போம்மா என்று சொன்னால், சைரன் அடிக்காமலேவா என்று கேட்பாள். அப்புறம் பெட்டியைப் பார்ப்பாள், செல்லைப் பார்ப்பாள். அந்தத் தெருவில் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் போய்விட்டால் எனக்கு அங்கே என்ன மிச்சம்?

"இருக்கு" என்றேன்.

குடையை என் தோளில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கிளிப்பில்தான் கவனம். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. காலடியில் தண்ணீர் சலசலத்தபோதுதான் இணைப்பு உட்கார்ந்தது. சைரன் அடித்தது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்கு அடித்த மாதிரி கணீரென்று அது அடித்ததே இல்லை. நான் வேனின் கூரைமேல் ஏறிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க மார்பளவு தண்ணீர். மற்றவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தார்கள், தேவசகாயம் உட்பட. போனது ஒரு உயிர்தான்.

வீரபத்திரன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினதைப் பற்றி நான் புகார் கொடுக்கவில்லை. அவன் நிலைமையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி ஒருதடவை படித்துப் பாருங்கள். அவன் தெருமுனையிலிருந்து பார்த்திருக்கிறான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் அம்சவேணி பயந்துபோய் வாசலுக்கு வந்துவிட்டாளாம். "வந்துடு, வந்துடு" என்று இவன் கத்த, அவளும் படியிறங்கி ரெண்டு எட்டு வைத்துவிட்டாளாம். அப்போதுதான் சைரன் அடித்தது. அவள் நின்றாள். முகம் தெளிந்துவிட்டது என்கிறான். "சைரன் இப்பத்தான்யா அடிக்குது, இன்னும் ஒன்றர மணி இருக்குது" என்று அவனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, பாவை இறக்க உள்ளே போனாள்.

புருஷன் கத்துகிறான், கண்ணெதிரே தண்ணீர் ஏறுகிறது. அத்தனையையும் மீறி அவள் சைரனை நம்பினாள். மூன்று வருஷமாக இந்த ஊரில் நான் கேட்டது அதைத்தானே, மேடம்? நீங்கள் இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதப்போவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள், மற்றப் பன்னிரண்டு ஊர்களும் அதைத்தான் படிக்கும். சைரன் அடித்தது, கேட்டவள் சொன்னபடி நடந்தாள் என்று எழுதுங்கள்.